"இன்வாலிட் ஆர்க்யூமெண்ட்" என்று போர்டு சொன்னால்: சிஸ்டம் கால் கோளாறுகளை அறிகுறி வைத்துப் பிடிப்பது

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் பக்கத்து மாங்கூழ் ஆலைகளுக்கு மே முதல் ஜூலை வரை ஓய்வே இருக்காது. பெங்களூரா மாங்காய் லாரி லாரியாக வந்து இறங்கிக்கொண்டே இருக்கும். எடை மேடை, கொதிகலன் வெப்பம், டப்பா எண்ணிக்கை என்று குறித்து வைக்க இப்போது சின்னச் சின்ன லினக்ஸ் போர்டுகளைப் பொருத்துகிறோம். பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் வாங்கிய போர்டு, சி மொழியில் எழுதிய சிறிய புரோகிராம். லேப்டாப்பில் ஒழுங்காக ஓடும், ஆலைக்குள் போனதும் முரண்டு பிடிக்கும். "நேத்து வரைக்கும் நல்லாதான்ணா ஓடுச்சு" என்று ஃபோன் வரும். பர்கூர், செட்டிக்கரை பொறியியல் கல்லூரி மாணவர்கள் புராஜெக்ட்டுக்குச் செய்யும் போர்டுகளிலும் இதே கதைதான். இப்படி வரும் புகார்களில் ஒரு வகையை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்: புரோகிராம் கொடுத்த ஆர்க்யூமெண்ட் ஒன்று, கெர்னல் புரிந்துகொண்டது வேறொன்று. ஃபைலைத் திறப்பது, எழுதுவது போன்ற வேலைகளுக்குப் புரோகிராம் லினக்ஸின் மையமான கெர்னலைத்தான் கேட்க வேண்டும். அந்தக் கோரிக்கைதான் சிஸ்டம் கால், கூடவே கொடுக்கும் விவரங்கள்தான் ஆர்க்யூமெண்ட்கள்.

கெர்னலுக்கு எது தெரியும், எது தெரியாது

64 பிட் இன்டெல், ஏஎம்டி கணினியில் சிஸ்டம் காலின் எண் ஆர்ஏஎக்ஸ் ரெஜிஸ்டரில் (சிபியுவுக்குள் இருக்கும் சின்ன நினைவிடம்) போகும். ஆர்க்யூமெண்ட்கள் ஆர்டிஐ, ஆர்எஸ்ஐ, ஆர்டிஎக்ஸ், ஆர்10, ஆர்8, ஆர்9 என்ற வரிசையில் போகும். ஆறுதான், ஏழாவதுக்கு இடமில்லை. (சாதாரண சி ஃபங்ஷனுக்கு நான்காவது ஆர்க்யூமெண்ட் ஆர்சிஎக்ஸில் போகும். சிஸ்கால் இன்ஸ்ட்ரக்ஷன் திரும்பி வரவேண்டிய முகவரியை அதே ஆர்சிஎக்ஸில் எழுதிவிடுவதால் இங்கே ஆர்10.) 64 பிட் ஏஆர்எம் போர்டில் எண் எக்ஸ்8-இல் இருக்கும், ஆர்க்யூமெண்ட்கள் எக்ஸ்0 முதல் எக்ஸ்5 வரை.

இதில் எங்கும் பெயர் இல்லை, வகை இல்லை, எத்தனை கொடுத்தீர்கள் என்ற கணக்கும் இல்லை. பாலக்கோடு தக்காளி மண்டியில் சீட்டு ஒட்டாமல் வந்து இறங்கும் கூடைகள் மாதிரி, இறக்கிய வரிசையை வைத்துத்தான் எது யாருடையது என்று முடிவாகும். நீங்கள் இரண்டே இரண்டு கொடுத்திருந்தாலும் கெர்னலுக்கு மூன்றாவது வேண்டுமென்றால் மூன்றாவது ரெஜிஸ்டரைப் படிக்கும். அதில் முன்பு என்ன கிடந்ததோ அது கிடைக்கும்.

வந்ததை எவ்வளவு கறாராகச் சோதிப்பது என்பது ஒவ்வொரு அழைப்பையும் வடிவமைத்தவர்கள் எடுத்த முடிவு. பழையவற்றில் பல, தெரியாத ஃபிளாக் (ஒரு வசதியைக் கேட்கும் பிட்) வந்தால் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். புதியவை முகத்துக்கு நேரே திருப்பி அனுப்பும். என்னைக் கேட்டால், எர்ரர் கொடுக்கிற அழைப்பு நமக்கு நண்பன். வாயை மூடிக்கொண்டு சரி என்கிறதுதான் சீசன் நடுவில் தூக்கத்தைக் கெடுக்கும்.

எந்த அறிகுறியானாலும் முதல் வேலை எஸ்ட்ரேஸ், அதாவது புரோகிராம் செய்யும் சிஸ்டம் கால்களை வரிசையாகக் காட்டும் கருவி. மைனஸ் எஃப் போட்டால் எல்லா த்ரெட்களையும் தொடரும், மைனஸ் ஓ போட்டால் வெளியீட்டை ஒரு ஃபைலில் எழுதும். உங்கள் சோர்ஸ் கோடில் என்ன எழுதியிருக்கிறது என்பதை ஒரு நிமிடம் மறந்துவிட்டு, கெர்னலுக்கு உண்மையில் என்ன போனது என்று அங்கே பாருங்கள். புரோகிராமுக்குள் எர்ர்நோவை (கடைசியாக வந்த எர்ரரின் எண்) அச்சிடுவதாக இருந்தால் அழைப்பு முடிந்த அடுத்த வரியிலேயே ஒரு மாறியில் எடுத்து வையுங்கள். நடுவில் வேறு ஃபங்ஷன் ஓடினால் அது மாறிவிடலாம்.

அறிகுறி: லாக் ஃபைல் உருவாகிறது, ஆனால் மறுநாள் திறக்க முடியவில்லை

எல்எஸ் மைனஸ் எல் போட்டு அனுமதிகளைப் பாருங்கள். அது ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒவ்வொரு விதமாக இருந்தால், ஓப்பன் அழைப்பில் ஓ_கிரியேட் (ஃபைல் இல்லையென்றால் உருவாக்கு) கொடுத்துவிட்டு மூன்றாவது ஆர்க்யூமெண்ட்டான மோடை, அதாவது அனுமதி எண்ணை விட்டுவிட்டீர்கள். ஓப்பனுக்கு இரண்டும் சம்மதம், மூன்றும் சம்மதம். அதனால் கம்பைலர் பொதுவாக வாயைத் திறக்காது. மூன்றாவது ரெஜிஸ்டரில் மிச்சமிருந்த குப்பைதான் அனுமதியாகப் பதிவாகிறது. ஆப்டிமைசேஷனோடு ஃபார்ட்டிஃபை சோர்ஸ் என்ற சோதனை விருப்பத்தையும் போட்டுக் கம்பைல் செய்தால் ஜிலிப்சி (லினக்ஸின் சி லைப்ரரி) இதை அங்கேயே பிடித்து நிறுத்திவிடும். இனிமேல் எல்லா பில்டிலும் அதைப் போட்டுவிடுங்கள்.

அனுமதி ஒரே மாதிரி, ஆனால் விசித்திரமாக இருந்தால் காரணம் வேறு. சொந்தக்காரர் எழுதலாம் ஆனால் படிக்க முடியாது, குழுவுக்கு ஒன்றுமே இல்லை, மற்றவர்கள் படிக்கலாம், கடைசியில் ஒரு பெரிய டி எழுத்து. இதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம்: 0644 என்று எழுதவேண்டிய இடத்தில் முன்னால் உள்ள பூஜ்யத்தை விட்டு 644 என்று எழுதியிருக்கிறார்கள். பத்தடிமான 644 எட்டடிமானத்தில் 1204. எஸ்ட்ரேஸும் 01204 என்றே காட்டும். கெர்னலைப் பொறுத்தவரை அதுவும் செல்லுபடியாகும் மோட்தான், மறுக்க அதற்குக் காரணமே இல்லை.

அறிகுறி: புது ஃபிளாக் கொடுத்தேன், எர்ரரும் இல்லை, பலனும் இல்லை

இதில் கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும். ஓப்பன், ஓப்பன்அட் இரண்டும் தங்களுக்குத் தெரியாத பிட்டுகளை எர்ரர் இல்லாமல் தள்ளிவிடும். ஃபைலை நினைவகத்தோடு இணைக்கும் எம்மேப்பும் அப்படித்தான். ஆரம்பத்தில் யாரும் சோதனை வைக்கவில்லை. பிறகு வைக்கலாம் என்றால், ஃபிளாக்கில் குப்பையோடு ஓடிக்கொண்டிருக்கும் பழைய புரோகிராம்கள் அன்றைக்கே நின்றுவிடும். லினக்ஸில் அது நடக்க விடமாட்டார்கள். அதனால் அந்த வாசல் திறந்தே கிடக்கிறது.

விளைவு என்னவென்றால், புதிய ஹெடரோடு கம்பைல் செய்த புரோகிராமைப் பழைய கெர்னல் உள்ள போர்டில் ஓட்டினால், நீங்கள் கேட்ட வசதி கிடைத்ததா இல்லையா என்று அழைப்பின் முடிவை வைத்துச் சொல்ல முடியாது. வேறு புரோகிராமை ஓட்டும்போது ஃபைலைத் தானாக மூடிவிடும் ஓ_குளோஎக்ஸெக் 2.6.23 கெர்னலில் வந்தபோதே இந்தச் சிக்கல் இருந்தது. பழைய கெர்னலிலும் ஓப்பன் வெற்றி என்று திரும்பும், ஆனால் ஃபைல் சைல்ட் புராசஸுக்குக் கசியும். உண்மையில் பதிந்ததா என்று எஃப்சிஎன்டிஎல் மூலம் எஃப்_கெட்எஃப்டி கேட்டுப் பார்ப்பது ஒன்றே வழி.

பிறகு வந்தவர்கள் பாடம் படித்தே வந்தார்கள். ஓ_டெம்ப்ஃபைல் 3.11 கெர்னலில், 2013-இல் வந்தது. மின்சாரம் அடிக்கடி போகும் இடத்தில் இது ரொம்ப உபயோகம்: பெயரில்லாத ஃபைலில் முழுவதும் எழுதி முடித்து, கடைசியில் லிங்க்அட் மூலம் பெயர் கொடுத்தால் அரைகுறை ஃபைல் யார் கண்ணிலும் படாது. அதன் வரையறையைப் பார்த்தால் உள்ளுக்குள் ஓ_டைரக்டரியும் சேர்ந்தே இருக்கும். காரணம் இதுதான்: பழைய கெர்னல் புது பிட்டைத் தள்ளிவிட்டாலும் ஓ_டைரக்டரி பிட்டை அதற்குத் தெரியும். நீங்கள் கொடுத்த பாதை டைரக்டரி என்றால், எழுதுவதற்குத் திறக்க முடியாது என்று "இஸ் எ டைரக்டரி" வரும். சாதாரண ஃபைல் என்றால் "நாட் எ டைரக்டரி" வரும். எப்படிப் பார்த்தாலும் தோற்கும், நமக்குச் சேதி தெரிந்துவிடும். ஆகவே ஓ_டெம்ப்ஃபைல் போட்டு "இஸ் எ டைரக்டரி" வந்தால் பாதையைச் சந்தேகிக்காதீர்கள், யூநேம் மைனஸ் ஆர் போட்டு கெர்னலைப் பாருங்கள். "ஆபரேஷன் நாட் சப்போர்ட்டட்" வந்தால் கெர்னலுக்கு ஃபிளாக் தெரிகிறது, ஃபைல் சிஸ்டத்துக்குத்தான் தெரியவில்லை. எஸ்டி கார்டின் ஃபேட் பார்ட்டிஷனில் எழுதப் பார்க்கிறீர்களா என்று கவனியுங்கள்.

எம்மேப்புக்கு 4.15-இல் மேப்_ஷேர்டு_வேலிடேட் என்று தனியாக ஒரு வகையே சேர்த்தார்கள். அது மேப்_ஷேர்டு செய்யும் அதே வேலையைச் செய்யும், தெரியாத ஃபிளாக் இருந்தால் மட்டும் மறுத்துவிடும். ஓப்பனுக்கு 5.6-இல் ஓப்பன்அட்2 வந்தது. ஃபிளாக், மோட், ரிசால்வ் மூன்றையும் ஒரு ஸ்ட்ரக்டில் வைத்து, அதன் அளவையும் கூடவே கொடுக்க வேண்டும். தெரியாத பிட் ஒன்று இருந்தாலும் "இன்வாலிட் ஆர்க்யூமெண்ட்" வந்துவிடும். ஃபைல் உருவாக்கச் சொல்லாமல் மோட் மட்டும் பூஜ்யமில்லாமல் இருந்தாலும் அதேதான். பழைய ஓப்பனில் இருந்து மாறுகிறவர்கள் இந்த இரண்டாவதில்தான் தடுக்கி விழுவார்கள். அழைப்பே இல்லாத கெர்னலில் "ஃபங்ஷன் நாட் இம்ப்ளிமெண்டட்" வரும். அப்போது ஓப்பன்அட்டுக்கு இறங்கி வந்து, எந்தெந்த வசதியை இழந்தோம் என்று லாகில் ஒரு வரி எழுதுங்கள்.

அறிகுறி: "ஆர்க்யூமெண்ட் லிஸ்ட் டூ லாங்"

ஒரே செய்திக்கு இரண்டு முகம். ஷெல்லில் ஆர்எம் நட்சத்திரம் போட்டு ஆயிரக்கணக்கான கேமரா படங்களை அழிக்கும்போது வந்தால், அது புரோகிராமை ஓடத் தொடங்கவைக்கும் எக்ஸெக்விஇ அழைப்பின் வரம்பு. ஆர்க்யூமெண்ட்களும் என்விரான்மெண்ட் மாறிகளும் சேர்ந்து ஸ்டாக் வரம்பின் கால் பங்கைத் தாண்டக்கூடாது. வழக்கமான 8 எம்பி ஸ்டாக்குக்கு அது 2 எம்பி. தனி ஒரு ஆர்க்யூமெண்ட் 128 கேபியைத் தாண்டினாலும் இதே செய்திதான். பெரிய ஜேசனை அப்படியே கமாண்ட் லைனில் கொடுக்கிறவர்கள் கவனிக்கவும். படங்களை அழிக்க ஃபைண்ட் கமாண்டின் டிலீட் விருப்பம் போதும்.

ஓப்பன்அட்2, குளோன்3 (புது புராசஸ் அல்லது த்ரெட் உருவாக்குவது) போன்ற புது அழைப்பில் வந்தால் நீளத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எர்ரர் எண் அதே ஈடூபிக் என்பதால் பழைய வாக்கியத்தையே அச்சிடுகிறது, அவ்வளவுதான். உங்கள் ஸ்ட்ரக்ட் கெர்னலுக்குத் தெரிந்ததைவிடப் பெரியது, கூடுதல் பகுதியில் பூஜ்யமில்லாத பைட் இருக்கிறது என்பதே அர்த்தம். ஸ்ட்ரக்ட் சிறியதாக இருந்தால் கெர்னல் மீதியைப் பூஜ்யமாக வைத்துக்கொள்ளும். பெரியதாக இருந்தும் மிச்சமெல்லாம் பூஜ்யம் என்றால் ஏற்றுக்கொள்ளும். எனவே அறிவித்த உடனே மெம்செட் போட்டு முழு ஸ்ட்ரக்டையும் பூஜ்யமாக்கிவிட்டு வேண்டியதை மட்டும் நிரப்புங்கள். அதன் பிறகும் வந்தால், புதிய ஃபீல்டு ஒன்றை உண்மையிலேயே பழைய கெர்னலிடம் கேட்கிறீர்கள்.

அறிகுறி: ஒரு பில்டில் ஓடுகிறது, இன்னொரு பில்டில் "இன்வாலிட் ஆர்க்யூமெண்ட்"

கோடு மாறவில்லை, ஆப்டிமைசேஷன் அளவு மட்டும் மாறியது என்றால் உடனே புராசஸின் அமைப்புகளை மாற்றும் பிஆர்சிடிஎல் அழைப்புகளைத் தேடுங்கள். புதிய உரிமைகள் எதுவும் கிடைக்காமல் பூட்டும் பிஆர்_செட்_நோ_நியூ_ப்ரிவ்ஸ் கேட்கும்போது இரண்டாவது ஆர்க்யூமெண்ட் 1, மீதி மூன்றும் பூஜ்யம் என்று கெர்னல் கண்டிப்பாகச் சோதிக்கும். இரண்டு மட்டும் கொடுத்துவிட்டுப் போனால் மற்ற ரெஜிஸ்டர்களில் கிடக்கும் குப்பையால் சில பில்டில் தோற்கும், சிலவற்றில் அதிர்ஷ்டம் ஓட வைக்கும். மூன்று பூஜ்யங்களையும் எழுதுங்கள், அதையும் லாங் வகையாக, 0எல் என்று எழுதுங்கள். வெறும் இன்ட் பூஜ்யம் 64 பிட் ரெஜிஸ்டரின் மேல் பாதியைச் சுத்தம் செய்யும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

பயன்படாத ஆர்க்யூமெண்ட்டை ஏன் சோதிக்க வேண்டும் என்று எரிச்சல் வரலாம். இன்று சோதித்தால்தான் நாளை அந்த இடத்துக்கு ஒரு அர்த்தம் கொடுக்க முடியும். சோதிக்காமல் விட்டதில் என்ன ஆகும் என்பதை ஓப்பனில் பார்த்தோம். இரண்டுக்கும் நடுவில் ஒரு வேடிக்கையும் உண்டு: பல ஃபைல்களை ஒரே நேரத்தில் கவனிக்க உதவும் ஈபோல்_கிரியேட் கேட்கும் அளவை 2.6.8-இல் இருந்து கெர்னல் உபயோகிப்பதே இல்லை, ஆனாலும் பூஜ்யம் கொடுத்தால் "இன்வாலிட் ஆர்க்யூமெண்ட்" என்றுதான் சொல்லும்.

அறிகுறி: சீரியல் போர்ட்டில் "பேட் அட்ரஸ்"

எடைக் கருவி, ஆர்எஸ்485 கன்வர்ட்டர் வைத்து வேலை செய்கிறவர்களுக்கு இது நன்றாகப் பழகிய செய்தி. கருவிகளுக்குத் தனிக் கட்டளை அனுப்பும் ஐஆக்டிலின் மூன்றாவது ஆர்க்யூமெண்ட்டுக்கு நிலையான வகை கிடையாது. 1979-இல் யுனிக்ஸ் ஏழாம் பதிப்பில் வந்ததில் இருந்து இப்படித்தான், ஒரே குழாயில் எல்லா டிரைவர்களின் எல்லா வேலைகளும் போகின்றன. ஆர்டிஎஸ் கோட்டை உயர்த்தும் டிஐஓசிஎம்பிஐஎஸ்ஸுக்கு இன்டின் முகவரி வேண்டும். பஃபரைக் காலி செய்யும் டிசிஎஃப்எல்எஸ்எச்சுக்கு எண்ணையே நேராகக் கொடுக்க வேண்டும். இரண்டையும் அடுத்தடுத்த வரியில் எழுதும்போது மாற்றிப் போடுவது சகஜம்.

மாற்றினால் வரும் எர்ரரே எது தவறு என்று சொல்லிவிடும். முதலாவதற்கு முகவரிக்குப் பதில் டிஐஓசிஎம்_ஆர்டிஎஸ் மதிப்பையே கொடுத்தால், அது 4. கெர்னல் 4-ஆம் முகவரியில் இருந்து நகலெடுக்கப் போய் "பேட் அட்ரஸ்" என்று திரும்பும். எஸ்ட்ரேஸிலும் அந்தச் சின்ன எண் அப்படியே தெரியும். இரண்டாவதற்கு எண்ணுக்குப் பதில் முகவரி கொடுத்தால், அது 0, 1, 2 எதுவுமில்லாத ஏதோ பெரிய எண் என்பதால் "இன்வாலிட் ஆர்க்யூமெண்ட்". இரண்டும் இல்லாமல் "இன்அப்ரோப்ரியேட் ஐஆக்டில் ஃபார் டிவைஸ்" வந்தால் டிஸ்கிரிப்டரே (திறந்த ஃபைலைக் குறிக்கும் எண்) தவறு, சீரியல் போர்ட் என்று நினைத்து வேறு ஃபைலைக் கொடுக்கிறீர்கள்.

எர்ரர் வராத தவறு ஒன்று இருக்கிறது. படிக்க எத்தனை பைட் காத்திருக்கிறது என்று கேட்கும் ஃபியோன்ரீடுக்கு இன்டின் முகவரி வேண்டிய இடத்தில் கேரின் முகவரி கொடுத்தால் கெர்னல் நான்கு பைட்டையும் எழுதிவிட்டு வெற்றி என்று சொல்லும். பக்கத்து மாறி கெட்டுப்போகும், பழி வேறு எங்கோ விழும். முடிந்த இடத்தில் டிசிஃப்ளஷ் போன்ற தயார் ஃபங்ஷன்களைப் பயன்படுத்துங்கள். அவற்றுக்கு வகை உண்டு, கம்பைலர் பார்த்துக்கொள்ளும்.

அறிகுறி: எந்த ஃபைலைக் கேட்டாலும் அளவு 2 பைட்

ஃபைலுக்குள் இடம் நகர்த்தும் எல்சீக்கில் ஆஃப்செட்டும் (எவ்வளவு தூரம்) வென்ஸும் (எங்கிருந்து) இடம் மாறியிருக்கின்றன. சீக்_எண்டின் மதிப்பு 2, அதுவே ஆஃப்செட்டாகப் போய் இரண்டாவது பைட்டில் நிற்கிறது. இரண்டும் முழு எண் என்பதால் யாரும் எச்சரிக்கவில்லை. மாற்றிப் போடுங்கள், சரியாகிவிடும்.

அறிகுறி: முதல் சுற்று சரி, பிறகு சிபியு 100 சதவீதம், போர்டு சூடு

பல ஃபைல்களில் எது தயார் என்று காத்திருந்து பார்க்கும் செலக்ட் அழைப்பு தன் ஆர்க்யூமெண்ட்களையே பதிலாகத் திருத்தி எழுதும். எஃப்டி செட்டுகளை (கவனிக்க வேண்டிய ஃபைல்களின் பட்டியல்) மட்டுமில்லை, லினக்ஸில் டைம்அவுட்டையும் மீதி நேரமாக மாற்றிவிடும். நேரம் தீர்ந்து திரும்பினால் மீதி பூஜ்யம். லூப்புக்கு வெளியே ஒரே தடவை நிரப்பி வைத்திருந்தால் இரண்டாவது சுற்றில் இருந்து காத்திருப்பே கிடையாது. டைம்அவுட்டையும் செட்டுகளையும் லூப்புக்குள்ளேயே நிரப்புங்கள், இல்லையென்றால் போல் (poll) அழைப்புக்கு மாறிவிடுங்கள். அதில் கேட்பது ஒரு ஃபீல்டு, பதில் வேறு ஃபீல்டு என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். அக்செப்ட், ரெக்வ்ஃப்ரம் இரண்டிலும் முகவரியின் நீளமும் இப்படிப் போய் வரும் ஆர்க்யூமெண்ட்தான், அதையும் ஒவ்வொரு முறையும் திரும்ப வையுங்கள்.

செலக்ட் இல்லாமலே சூடாகிறதென்றால் நேனோஸ்லீப்பைப் பாருங்கள். ஒன்றரை விநாடிக்கு 1500000000 நேனோ விநாடி என்று எழுதினால் தூங்காது. 999999999-க்கு மேல் போனாலே "இன்வாலிட் ஆர்க்யூமெண்ட்". பெரும்பாலானவர்கள் அதன் ரிட்டர்ன் மதிப்பைப் பார்ப்பதே இல்லை என்பதால் லூப் வெறிபிடித்து ஓடும்.

அறிகுறி: 32 பிட் ஏஆர்எம் போர்டில் மட்டும் ஆஃப்செட் தாறுமாறு

நேராக சிஸ்கால் ஃபங்ஷனைக் கூப்பிடுகிறவர்களுக்கு மட்டுமே இது வரும். 32 பிட் ரெஜிஸ்டரில் 64 பிட் ஆஃப்செட் இரண்டாகப் பிரிந்து போகவேண்டும். ஏஆர்எம் விதிப்படி அந்த ஜோடி இரட்டைப்படை ரெஜிஸ்டரில் தொடங்க வேண்டும். ஃபைலை முன்கூட்டியே படித்து வைக்கும் ரீட்அஹெட்டில் டிஸ்கிரிப்டர் ஆர்0-இல் இருந்தால் ஆர்1 காலியாக விடப்பட்டு ஆஃப்செட் ஆர்2, ஆர்3-இல் போகும். அந்தக் காலி இடத்துக்கு நீங்களே ஒரு பூஜ்யம் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் எல்லாம் ஓரிடம் தள்ளி விழும்.

ஃபைலின் ஒரு பகுதியை டிஸ்கில் எழுதவைக்கும் சிங்க்_ஃபைல்_ரேஞ்சில் இந்தக் காலி இடத்தால் ஏழு ரெஜிஸ்டர் தேவைப்பட்டது. ஆறுக்கு மேல் இல்லையே. அதனால் ஃபிளாக்கை இரண்டாவது இடத்துக்குக் கொண்டுவந்து, காலி இடத்தையே அதற்குக் கொடுத்து, சிங்க்_ஃபைல்_ரேஞ்ச்2 என்று தனி அழைப்பு வைத்தார்கள். எனக்குப் பிடித்த ஒட்டுவேலை இது. லேப்டாப்பில் ஓடும் வரிசையை அப்படியே இங்கே கொண்டுவந்தால் தப்பாகத்தான் போகும். ஜிலிப்சியின் ஃபங்ஷன் இருக்கும்போது சிஸ்கால் ஃபங்ஷனைத் தொடவே வேண்டாம்.

அறிகுறி: கன்டெய்னருக்குள் மட்டும் த்ரெட் உருவாகவில்லை, "ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்"

வெளியே ஓடுகிறது, டாக்கருக்குள் (கன்டெய்னர்களை ஓட்டும் மென்பொருள்) விழுகிறது, இமேஜ் புதியது, ஹோஸ்ட் பழையது. ஜிலிப்சி 2.34 த்ரெட் உருவாக்க முதலில் குளோன்3-ஐக் கூப்பிடும். "ஃபங்ஷன் நாட் இம்ப்ளிமெண்டட்" வந்தால் பழைய குளோனுக்கு இறங்கிவிடும். எந்தெந்த அழைப்பை விடலாம் என்று வடிகட்டுவது செக்காம்ப். பழைய டாக்கரின் செக்காம்ப் பட்டியலுக்கு குளோன்3 தெரியாது என்பதால் ஈநோசிஸ் (ஃபங்ஷன் நாட் இம்ப்ளிமெண்டட்) வரவேண்டிய இடத்தில் ஈபெர்ம் (ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்) கொடுத்தது. ஜிலிப்சி அதை உண்மையான மறுப்பு என்று எடுத்துக்கொண்டு கைவிட்டுவிடும். ஆல்பைன் 3.14 இமேஜ்களில் ஃபைல் அனுமதியைச் சோதிக்கும் ஃபேக்சஸ்அட்2 அழைப்புக்கும் இதே தொல்லை வந்தது.

இதன் அடியில் ஒரு வடிவமைப்பு மோதல் இருக்கிறது. ஆர்க்யூமெண்ட்டை ஸ்ட்ரக்டில் வைத்துப் பாயிண்டராகக் கொடுத்தால் எதிர்காலத்துக்கு இடம் கிடைக்கும். ஆனால் செக்காம்ப் ஃபில்டர் ரெஜிஸ்டர்களில் உள்ள எண்களை மட்டுமே பார்க்கும், பாயிண்டர் காட்டும் நினைவகத்துக்குள் போகாது. அது பார்த்து அனுமதித்த பிறகு இன்னொரு த்ரெட் அந்த நினைவகத்தை மாற்றிவிடலாம் என்பதும் ஒரு காரணம். பழைய குளோனில் ஃபிளாக் ரெஜிஸ்டரிலேயே இருந்ததால் தனியாகப் பிரித்த சூழலான நேம்ஸ்பேஸ் கேட்கிறவர்களை மட்டும் தடுக்க முடிந்தது. குளோன்3-இல் அது முடியாது, முழுவதும் விடு அல்லது முழுவதும் மறு.

சரிசெய்ய ஹோஸ்டில் டாக்கரை 20.10.10 அல்லது அதற்குப் பின் வந்த பதிப்புக்கு ஏற்றுங்கள். சீசன் நடுவில் ஹோஸ்டைத் தொட முடியாது என்றால் பழைய ஜிலிப்சி உள்ள இமேஜில் ஓட்டுங்கள். செக்காம்பை மொத்தமாக அணைத்து ஓட்டிப் பார்ப்பது காரணத்தை உறுதி செய்ய மட்டும். உறுதியானதும் அந்த விருப்பத்தை எடுத்துவிடுங்கள்.